மாமனார் ஒப்புதல் பெற்ற எலுமிச்சைச் சாறு

சகலரும் அறியவேண்டியது: இரண்டாம் மாடியில் படிக்கட்டுக்கு இடப்பக்கம் உள்ள வீட்டில் வெள்ளைச் சர்க்கரையின் நெடுங்கால ஆட்சி இன்று காலை முடிவுக்கு வந்தது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. அறிவிப்பை வெளியிட்டவர் அவ்வீட்டின் தலைவரும், குடிநீர்த் துறையின் ஓய்வுபெற்ற சுவை அலுவலருமான மாமனார். தாராளமாகச் சர்க்கரை போட்ட காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கழுவப் போட்ட பிறகே வெளியிட்டார். ஆட்சி மாற்றத்தில் நேரம் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பது அரசுப் பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அறிவிப்பைக் கேட்க அவையில் இருந்தது ஒரே ஆள், மருமகள். சமையலறை மேடையில் எலுமிச்சம்பழங்களைக் கொட்டி, அழுகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா. சர்க்கரை போடக் கூடாதாம்னு நேத்து நான்தானே உங்ககிட்ட சொன்னேன்."

"நீ சொன்னது தகவல். நான் சொன்னது அறிவிப்பு."

விஷயம் இதுதான். நகரத்து நீச்சல்குளத்தில், உடை மாற்றும் அறைகளை ஒட்டி இருந்த சின்னக் கவுண்டர் காலியாகியிருந்தது. அதில் கலர் பானம் விற்றுக்கொண்டிருந்தவரை, பிள்ளைகளின் பல்லும் பெற்றோரின் பொறுமையும் ஒருசேரக் கெட்டுப்போனதால் அனுப்பிவிட்டார்கள். இனி அங்கே வீட்டுப் பக்குவத்தில் செய்த எலுமிச்சைச் சாறுதான், இனிப்பு இயற்கையானதுதான், சர்க்கரை வாசலைக்கூடத் தாண்டக் கூடாது என்று குளத்தின் நிர்வாகம் முடிவு செய்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஜாடி கொண்டுவந்தால் செயலாளர் குடித்துப் பார்த்துப் பதில் சொல்வார்.

மருமகள் அந்தக் கவுண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இரும்பு ஷட்டர், ஒரு தொட்டி, ஒரு குழாய், சாமான் வைக்க மரப்பலகை. இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். பின்பக்கம் ஒரு கதவு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி போட்டுவிட்டு, உள்ளே கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். இது எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் நினைத்தாள்.

மாமனார் வேலையில் இருந்தவரை வீட்டில் பகல் என்று ஒன்று இருந்தது. துறை அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. அவர்தான் யாருக்கும் கொடுக்கவில்லை. பால் காய்ந்ததும் ஒரு கரண்டி, சூப்பு கொதித்ததும் ஒரு கரண்டி, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் சோப்பு மிச்சமிருக்கிறதா என்று ஒரு கரண்டி. அவர் வாயில் படாமல் அந்தச் சமையலறையிலிருந்து எதுவும் வெளியே வந்ததில்லை, குப்பை நீங்கலாக.

சுவை அலுவலர் என்றால் ஏதோ விருந்து சம்பந்தப்பட்ட பதவி என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய வேலை குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பது. நல்ல தண்ணீருக்கு நிறம், மணம், ருசி மூன்றும் இருக்கக் கூடாது. இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பணிக்காலம் முழுவதும் அவர் ஒன்றுமில்லாததைத் தேடி, கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டார். துறையில் அவருக்கு நாக்கு என்று பெயர். முகத்துக்கு நேரே சார்.

நீச்சல்குளத்தின் செயலாளர் அதே துறையில் அவருக்கு டம்ளர் எடுத்துக் கொடுத்து முன்னேறியவர். "சார் ஒரு வாய் பார்த்து சரின்னு சொல்லிட்டா எனக்கு வேற என்ன வேணும்?" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஆக, தாழ்ப்பாளுக்குப் போகிற பாதை மாமனாரின் நாக்கின் மேல் போட்டிருந்தது. வேறு வழி கிடையாது.

முதலில் பேரீச்சம்பழம். கொட்டை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, விழுதாக அரைத்து, வடிகட்டினாள். எலுமிச்சையை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினாள். அப்படி உருட்டினால்தான் பழம் சாற்றை விடும். வெட்டி, விதை நசுங்காமல் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்துத் தானே ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். நன்றாக இருந்தது. கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டுபோய் மாமனார் முன்னால் வைத்தாள்.

அவர் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"கலர் இருக்கு."

"பேரீச்சம்பழம் மாமா. அதான் லேசா..."

"பைப் உடைஞ்சு ஒட்டுப்போட்ட மறுநாள் இந்தக் கலர்லதான் வரும். ஊரே போன் போட்டுத் திட்டும். எடுத்துட்டுப் போ."

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன்."

"கண்ணுல தேறாததை நான் வாயில வைக்கிறதில்ல."

அடுத்த நாள் தேன். தேனைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் கரைத்து, ஆறவைத்து, பிறகு எலுமிச்சையைப் பிழிந்தாள். நிறம் வெளிறி வந்தது. கண் தேறிவிட்டது. டம்ளர் மூக்குக்குப் போனது.

"வாடை வருது."

"தேன் மாமா."

"என்ன வாடைன்னு நான் கேட்கல. வாடை வந்தா எங்கியோ கசியுதுன்னு அர்த்தம்."

"எலுமிச்சைக்கும் வாசனை உண்டே மாமா."

"அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

தேனைப் பாதியாக்கினாள். எலுமிச்சையையும் குறைத்தாள். மூன்றாவது முயற்சி ஒருவழியாக வாய்வரை போய்ச் சேர்ந்தது. மாமனார் ஒரு மடக்கு எடுத்து இடது கன்னத்தில் வைத்தார். வலது கன்னத்துக்கு மாற்றினார். கூரையைப் பார்த்தார். மருமகள் கையில் துடைக்கிற துணியோடு நின்றாள், தேர்வு முடிவுக்கு நிற்பதுபோல.

"முதல்ல புளிப்பு தெரியுது. பின்னாலயே இனிப்பு தெரியுது. கடைசியில உப்பு வந்து எட்டிப்பாக்குது." டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரே டம்ளர்ல மூணு புகார்."

"எலுமிச்சை ஜூஸ்னா அப்படித்தானே மாமா இருக்கும்?"

"இவ்வளவு நாளா அப்படி இருந்துச்சு. அதனாலதான் யாரும் திருந்தல."

அத்தோடு வேலையை அவரே கையில் எடுத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து முழுக்கைச் சட்டை ஒன்று வந்தது. ஓய்வு பெற்ற நாளுக்குப் பிறகு அவர் அதைப் போட்டது இப்போதுதான். துறையின் வழிமுறை எளிமையானது: தெளியவிடு, வடிகட்டு, தண்ணீர் சேர். மறுபடி புகார் வந்தால் மறுபடி தண்ணீர் சேர். எலுமிச்சைச் சாறு பெரிய பாத்திரத்தில் ஒரு பகல் முழுக்க ஆடாமல் அசையாமல் நின்றது. சமையலறையில் யாரும் அதிர்ந்து நடக்கக் கூடாது என்று உத்தரவு. மேலாக நின்ற தெளிவை மட்டும் மொண்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பிறகு காப்பி வடிக்கும் தாளில் வடிகட்டி, வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தண்ணீர் விட்டார்.

மருமகளின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மாலை வீட்டுக்கு வந்தவன் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் பார்த்ததும், ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றாமலே நின்றான். மனைவி அவனைப் பின்பக்க வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்னங்க, உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜூஸை ஜூஸா இருக்க விடச் சொல்லுங்க."

"சொல்லலாம். எப்ப சொல்றது?"

"இப்பவே."

"இப்ப வடிகட்டிக்கிட்டு இருக்காரு."

"முடிச்சப்புறம்."

"முடிச்சா செய்தி கேட்பாரு. அப்புறம் தூங்கிடுவாரு."

"அப்ப நாளைக்கு."

"நாளைக்கு எனக்கு ட்யூட்டி இருக்கே."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிட்டா நீங்க போய் என்ன செய்வீங்க?"

"உள்ள இருக்கிறவங்களைப் பதறாம இருக்கச் சொல்லுவேன்."

"அவ்வளவுதானா?"

"முக்காவாசி நேரம் அதுவே போதும்."

"எனக்கு அந்தக் கவுண்டர் வேணுங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் ஒரு நாள் இல்ல ஒரு நாள் உங்கப்பா வாயில இருக்கிற கரண்டியைப் பிடுங்கி வீசிடுவேன். அதுக்கு முன்னால நான் வெளிய போகணும்."

"பதறாதே," என்றான் கணவன். தொழில் தெரிந்தவன்.

சனிக்கிழமை பிற்பகலில் பணி முடிந்தது. பாத்திரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அதற்குள் எங்கோ ஒரு கரண்டி எலுமிச்சையும் ஒரு விரல் தேனும் இருப்பதாக ஐதீகம். மாமனார் ஒரு மடக்கு எடுத்தார். இடது கன்னம், வலது கன்னம், கூரை. விழுங்கினார். திரும்பியபோது கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"ஒண்ணுமே தெரியல," என்றார்.

மருமகளும் குடித்துப் பார்த்தாள். உண்மைதான்.

"இனிப்பு எங்க மாமா போச்சு?"

"உள்ள இருக்கு. வெளிய காட்டிக்கல. இயற்கை இனிப்புன்னா அப்படித்தான் அடக்கமா இருக்கணும்."

"ஒண்ணுமே தெரியலைன்னா இதை எதுக்கு மாமா குடிக்கணும்?"

"தாகத்துக்கு."

"தாகத்துக்குத் தண்ணி இருக்கே."

"தண்ணியைக் காசு கொடுத்து யார் வாங்குவா?" என்றார் மாமனார். தன் கேள்வியின் கனம் தனக்கே பிடித்துப்போய், அதை இன்னொரு முறையும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினார்கள். ஜாடியை மாமனார் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் திரும்பும்போதெல்லாம் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். மருமகள் தன் தோள்பையில் சில எலுமிச்சம்பழங்களையும் கத்தியையும் ஒரு பொட்டலம் உப்பையும், பேரீச்சம்பழ விழுதும் தேனும் சேர்த்துக் கரைத்த ஒரு பாட்டிலையும் எடுத்து வைத்திருந்தாள். கணவன் அதைப் பார்த்துவிட்டான்.

"இது எதுக்கு?"

"சும்மா."

சும்மா என்ற பதிலுக்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது என்கிற அளவுக்கு அவனுக்குக் கல்யாண அனுபவம் இருந்தது.

குளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மருந்து நெடி, விசில், ஈரத் தரையில் சின்னச் சின்னப் பாதங்களின் தடம். 'ஓடாதே' என்று எழுதிய பலகையைத் தாண்டிப் பிள்ளைகள் ஓடினார்கள். செயலாளர் வாசலுக்கே வந்து மாமனாரின் கையிலிருந்து ஜாடியை வாங்கிக்கொண்டார். கவுண்டரின் ஷட்டரை ஏற்றிவிட்டிருந்தார்கள். மரப்பலகையில் டம்ளர்கள் வரிசையாக நின்றன. அடுக்கியவர் யார் என்று கேட்கத் தேவையில்லை, செயலாளரின் பழைய கை.

செயலாளர் ஒரு மடக்கு குடித்தார். குடித்துவிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்ள மாமனாரின் முகத்தைப் பார்த்தார். அது நிறைவாக இருந்தது.

"சார்," என்றார் செயலாளர், நெஞ்சில் கைவைத்து. "ஒண்ணுமே தெரியல சார்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"சத்தியமா ஒண்ணுமே தெரியல. நம்ம காலத்துல வடக்குத் தொட்டி கழுவினப்ப ஒரு வாரம் இப்படி வந்துச்சு. அதுக்கப்புறம் நான் இதைப் பார்க்கல."

இருவரும் சற்று நேரம் அந்தத் தொட்டியை நினைத்துக்கொண்டார்கள்.

"அப்ப கவுண்டர் உங்களுக்குத்தாம்மா," என்று செயலாளர் மருமகள் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரமே ஆரம்பிச்சுடலாம்."

அவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. செயலாளர் இன்னும் முடிக்கவில்லை.

"சார் பக்குவம் சார் இல்லாம வராது. சாரும் தினமும் கூட வந்துடுங்க. உள்ளயே ஒரு நாற்காலி போட்டுடறேன். ரெண்டு பேருக்கு இடம் போதும்."

"போதும் போதும்," என்றார் மாமனார். "நான் வீட்டுலயும் சும்மாதான் இருக்கேன்."

மருமகள் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாளை உள்ளே இருந்து போட்டால், இருவரும் உள்ளே. கணவன் கூரையில் ஒரு விளக்கை ஆராயத் தொடங்கியிருந்தான்.

அந்த நேரத்தில் நீச்சல் பயிற்சியாளர் வந்தாள். கழுத்தில் விசில், தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், காலையிலிருந்து கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. "புதுக் கவுண்டரா அக்கா? ஒண்ணு கொடுங்க," என்று ஒரு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு காலி டம்ளரை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் செயலாளர்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு சார். ஜூஸ் எப்ப வரும்?"

குளத்தில் யாரோ தொப்பென்று குதித்தார்கள்.

"நீங்க குடிச்சதுதாம்மா அது," என்றார் மாமனார்.

பயிற்சியாளர் டம்ளரைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். "எது ஐயா?"

மருமகள் பையைத் திறந்தாள். பழத்தைப் பலகையில் வைத்து உருட்டி, வெட்டி, பிழிந்து, பாட்டிலிலிருந்து ஊற்றி, உப்பு போட்டுக் கலக்கினாள். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கரண்டி கேட்டிருப்பார்கள். பயிற்சியாளர் குடித்தாள். பாதியில் நிறுத்தி டம்ளரைப் பார்த்தாள். மீதியையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.

"இன்னொண்ணு அக்கா. என் தொண்டைக்குப் புண்ணியமா போகும். இதுல சர்க்கரை இல்லையா? நெசமாவா?"

"பேரீச்சம்பழம், கொஞ்சம் தேன். அவ்வளவுதான்."

செயலாளரும் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் மாமனாரின் முகத்தைக் கேட்காமலே மலர்ந்துவிட்டது. தவறு உறைத்ததும் அதை அவசரமாகச் சுருக்கிக்கொண்டார்.

மாமனார் தனக்கு வைத்த டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், குடித்தார். இடது கன்னம், வலது கன்னம்.

"கலர் இருக்கு, மணம் இருக்கு, ருசி இருக்கு. மூணுக்கு மூணும் இருக்கு. இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

செயலாளர் தவித்துப்போனார். அவருக்கு ஒரு பக்கம் இன்னொரு டம்ளர் வேண்டியிருந்தது. மறுபக்கம் சார் நின்றார். "சார் வேண்டாம்னா எப்படி..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டார். கவுண்டர் கையைவிட்டு நழுவிப் போவதை மருமகள் கண்ணெதிரே பார்த்தாள். சாரின் தண்ணீரை விற்க ஒப்புக்கொண்டால் சாரோடு உட்கார வேண்டும். இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டும், அதுவும் சாரோடுதான்.

"மாமா சொல்றது சரிதான்," என்றாள்.

கணவன் விளக்கிலிருந்து கண்ணை எடுத்தான்.

"ரெண்டையும் ஒண்ணா வைக்கவே கூடாது," என்று தொடர்ந்தாள். "மாமா செஞ்சதை இந்தக் கவுண்டர்ல கொண்டாந்து வைக்க எனக்கே மனசு வரல. பக்கத்துலயே நான் எலுமிச்சை நறுக்குவேன், தேன் பாட்டிலைத் திறப்பேன். அந்த வாடையெல்லாம் அதுல போய் ஒட்டிக்கும்."

மாமனார் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கெட்டுப்போகும்," என்றார்.

"அதான் சொல்றேன். உங்களோடது தனியா இருக்கட்டும். அதோ, குளத்துல இறங்குற படிகிட்ட, காத்தோட்டமா. பெரிய கேன்ல ஊத்தி, அடியில ஒரு குழாய் வச்சு..."

"குழாயா?"

"குழாய்தான் மாமா. காலையில நீங்க வந்து ஒரு வாய் பார்த்துத் திறந்துவிட்டாத்தான் யாரும் குடிக்கணும்."

திறந்துவிடுவது என்ற சொல் அவருக்குள் எங்கோ போய்ச் சேர்ந்தது. துறையில் இருந்தவரை அவர் சரியென்று எழுதித்தான் கொடுத்திருக்கிறார். குழாயைத் திறந்துவிடுகிற அதிகாரம் எப்போதும் வேறொருவரிடம் இருந்தது. அவர் படிப்பக்கம் போய் நின்று இடத்தை அளந்து பார்த்தார்.

"வகை ஒன்று, வகை இரண்டுன்னு பிரிச்சுடலாம் சார்," என்றார் செயலாளர், பிழைத்த குரலில். "உங்களோடதுதான் வகை ஒன்று. அதை இலவசமாவே கொடுத்துடுவோம், தரமான பொருளுக்கு விலை போடறது மரியாதையா இருக்காது."

"நாற்காலி?"

"அதை என் ரூம்ல போட்டுடறேன் சார். ஃபேன் இருக்கு, பேப்பர் வரும்."

மாமனார் யோசித்தார். "ஒண்ணு சொல்லிடறேன். வகை இரண்டுக்கு நான் பொறுப்பில்ல."

"வேண்டாம் மாமா," என்றாள் மருமகள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் எதையும் இவ்வளவு பணிவாகச் சொன்னதில்லை.

கவுண்டர் அடுத்த வாரம் திறந்தது. காலையில் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, எலுமிச்சைகளை உருட்டி முடித்துப் பிறகுதான் ஷட்டரை ஏற்றுகிறாள். ஈரத்தலைப் பிள்ளைகள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். பயிற்சியாளர் விசிலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குடிக்கிறாள். செயலாளர் ஃபைலைத் தேடும் சாக்கில் வந்து குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போகிறார். அங்கே மாமனார் ஃபேனுக்கு அடியில் பேப்பர் படிக்கிறார். காலையில் கேனைத் திறந்துவிட்டால், மாலையில் மூடத்தான் எழுந்து போகிறார். தன் பொருளின் பக்கத்தில் தானே நின்று ஆள் பிடிப்பது ஓர் அலுவலருக்கு அழகில்லை என்பது அவர் கொள்கை. நடுவில் நிரப்புவதற்குக் குளத்தின் காவலாளி இருக்கிறார்.

"உன்னோடது எப்படிப் போகுது?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"பரவாயில்ல மாமா. சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துடுது."

"என்னோடது மத்தியானமே காலி. மறுபடி நிரப்பறாங்களாம். அதுவும் காலியாயிடுது." அவர் ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார். "ருசியைக் காட்டி ஜனங்களை இழுக்கிறது ஒரு வழி. ஒண்ணும் காட்டாமலே இழுக்கிறது இன்னொரு வழி. எது பெரிசுன்னு நான் சொல்லக் கூடாது."

"நீங்க சொல்லவே வேண்டாம்பா," என்றான் மகன்.

அடுத்த மாதம் இன்னொரு கேன் கேட்டு வாங்கப்போவதாக மாமனார் சொன்னார். செயலாளரும் சம்மதித்துவிட்டாராம். மருமகள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

பிள்ளைகள் குளத்தில் இறங்குவதற்கு முன்னால் அந்தக் கேன் குழாயில்தான் கால் கழுவுகிறார்கள்.